கசக்காத நிலவேம்பு

தொம்மலூரில் ஒரு மருந்துக் கம்பெனி. எந்த மூலிகை மூட்டை வந்தாலும் டாக்டர் பாகீரதி மென்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். இருபது வருஷமாக அந்த நாக்கு தப்புச் சொன்னதில்லை.

கணவரின் பதிமூன்றாம் நாள் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். நிலவேம்பை வாயில் போட்டார். வைக்கோலை மென்றதுபோல இருந்தது. ‘போலி, திருப்பி அனுப்பவும்’ என்று எழுதினார்.

“ஸ்வல்ப இருங்க மேடம், இலை சரியாத்தானே இருக்கு?” என்று கன்னடக்கார உதவியாளர் ரேணுகா ஒன்றை மென்றாள். “ஐயையோ, என்னா கசப்பு! உங்களுக்குக் கசக்கலையா?”

பாகீரதி ஒரு பிடி அள்ளி மென்றார். ஒன்றும் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை, பாவம். எழுதியதை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

“இனிமே நீயே மென்னு பாரும்மா. கையெழுத்தும் நீயே போடு.”