ஐந்துக்கு ஒன்று

என் மச்சான் நேற்று மதியம் வீட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, என் சாய்வு நாற்காலியை உடைக்காத குறையாக அதில் கிடந்து தூங்கிவிட்டுப் போனான் என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது என்றும், தெருவுக்குள் லாரி வருகிறதென்று பயந்து எதிர்வீட்டுக்காரர் தன் காரை ஓரங்கட்ட ஓடி வந்தார் என்றும் சேர்த்துக்கொண்டேன். வழக்கமாக இந்த இடத்தில் மகள் சிரிப்பாள். சிரிக்கவில்லை. போன் செத்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது.

“அப்பா, மாமா போய் ரெண்டு வருஷம் ஆச்சேப்பா” என்றாள்.

ஆமாம். பாடையின் முன்பக்கத்தைச் சுமந்தவனே நான்தான். அவன் உடம்புக்கு எட்டுப் பேர் போதாது, ஒரு கிரேன் வேண்டும் என்று அன்றைக்கே சொல்லி, அழுதுகொண்டிருந்தவர்களைக்கூடச் சிரிக்க வைத்தவன். ஒரு நொடி எனக்குள் எதுவோ படி தவறிக் காலை வைத்தது. ஆனால் வாய் எப்போதும் என்னைவிட வேகம். நீ காது கொடுத்துக் கேட்கிறாயா இல்லையா என்று சும்மா சோதித்தேன், தேறிவிட்டாய் என்று சொல்லிச் சிரித்தேன். நல்ல சிரிப்பு, குறை சொல்ல முடியாது. சமையலறையில் காய் நறுக்கும் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. மச்சான் என் மனைவியின் கூடப்பிறந்தவன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் எனக்குப் பெயர் பெருக்கல். ஒரு தூறலைப் பார்த்தேனென்றால், சொல்லி முடிப்பதற்குள் மேஜை நாற்காலியெல்லாம் மிதக்கும். இரண்டு நாய் குரைத்தால் நூறு நாய் துரத்தும், அதில் ஒன்று மோட்டார் சைக்கிளில் வரும். இதைப் பொய் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. உலகம் கொஞ்சம் சின்னதாகத் தைக்கப்பட்டிருக்கிறது. நான் தையலைப் பிரித்து அகலமாக்குகிறேன், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆசாமிக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். கணக்கெடுப்பு. ஒரு வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஊரில் எல்லா வீட்டுக்கும் போக ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் உள்ள சில வீடுகளில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. அங்கிருந்து ஒரே இடைவெளியில் தாண்டித் தாண்டிப் போவது. தாண்டிப் போன வீடுகள், நின்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும் என்பது நம்பிக்கை. ஒரு பானையிலிருந்து சீரான இடைவெளியில் கரண்டி விட்டுப் பார்த்து, வெந்ததா என்று சொல்லும் வித்தை.

நான் எழுதிய வீடுகளை மறுபடி போய்ப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அங்கே ஒரு பெண். நான் போன வீடுகளில் பத்துக்கு ஒன்றைத் தேர்ந்து, அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு வருவாள். எங்கள் ஆட்கள் அவளைப் பத்தாம்வீட்டம்மா என்பார்கள். பத்தாவது வீட்டுக்குத்தான் வருகிறாள் என்று நான் மோப்பம் பிடித்தேன். அதற்குப் பிறகு என் பத்தாவது வீடுகள் எல்லாம் தங்கம். மற்ற வீடுகளில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போகும். ஒருநாள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“உங்க பத்தாவது வீட்ல மட்டும் எல்லாரும் ரொம்ப ஒழுங்கா இருக்காங்க. எழுத்துகூட குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு. அதான் இந்தத் தடவை ஏழாவது வீட்டுக்குப் போனேன். பதினேழு ஆடுன்னு எழுதியிருக்கீங்க. அங்க இருந்தது ஒரு ஆடு. அதுவும் பக்கத்து வீட்டு ஆடு.”

நான் காதலில் விழுந்ததை இதற்குமேல் மிகைப்படுத்த எனக்கே தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்த அலுவலகத்தார் மொய்க் கவர் மேல் ஆட்டுப் படம் வரைந்து கொண்டுவந்தார்கள்.

அந்தப் போனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் நேரில் வந்துவிட்டாள். அம்மாவும் பெண்ணும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என் காது கூர்மையானது. மூன்று தெரு தள்ளி ஊசி விழுந்தால் எந்த நம்பர் ஊசி என்று சொல்வேன். மகள் சொன்னதன் சுருக்கம் இது: மறதி ஆரம்பித்துவிட்டது என்றால் இனி எங்களை இங்கே தனியாக விட முடியாது. வீட்டைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்விட வேண்டும். அப்பாவை வாசல் தாண்டித் தனியே அனுப்பக் கூடாது. அவள் நல்லவள், பயத்தில் பேசுகிறாள். ஆனால் அவள் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்த்திருக்கிறேன். அதில் பீரோ மூச்சை வெளியே விட்டால்தான் நான் உள்ளே இழுக்க முடியும். ஜன்னலில் தெரிவது இன்னொரு ஜன்னல். காலையில் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வராவிட்டால் நான் எதைப் பெருக்குவது?

“அப்பா நாள் முழுக்கப் புளுகறார். இதுல எது புளுகு, எது மறதின்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?” என்றாள் மகள்.

“புளுகுக்கு ஒரு வேர் இருக்கும்டி. நூறு நாய்னு சொன்னா ரெண்டு நாயாவது குரைச்சிருக்கும். மறதிக்கு அது இருக்காது.”

“அதுக்குன்னு அவர் சொல்ற ஒவ்வொண்ணையும் தெருவுல போய் விசாரிப்பியா?”

“எதுக்கு எல்லாத்தையும்? அஞ்சுக்கு ஒண்ணு போதும். ஒரு மாசம் டைம் குடு.”

மறுநாளே தொடங்கிவிட்டது. நான் காலை நடை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அன்றைய சரக்கை அவிழ்ப்பேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து கேட்பாள். மடியில் இடது கை. சுண்டு விரலின் அடிக் கணுவில் கட்டைவிரல் இருக்கும். ஒரு கதை முடிந்தால் ஒரு கணு நகரும். ஐந்தாவதில் கட்டைவிரல் நின்றுவிடும். அந்தக் கதைக்கு மட்டும் கேள்வி வரும். எங்கே, யார் கூட இருந்தார்கள், அப்புறம் என்ன ஆச்சு என்று. மற்ற நான்குக்கும் ஒரு ‘ம்’தான்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. பிறகென்ன, பழைய வேலையைத் தொடங்கினேன். நான்கு கதை வரைக்கும் என் ராஜ்யம். பேங்க் வரிசை அடுத்த ஊர் வரைக்கும் நீளும். டீக்கடைக்காரர் ஆற்றும் டீ, மாடியில் துணி காயப்போடும் பெண்மணி மேல் தெறிக்கும். ஐந்தாவது வந்ததும் சட்டை பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உண்மையைச் சொல்வேன். பேப்பர் வாங்கினேன். வழியில் தபால்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“அவ்வளவுதானா?” என்பாள்.

“அவ்வளவுதான்.”

உப்புச்சப்பில்லாத அந்த ஐந்தாவதுகளைச் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு மினுக்கல் தெரியும். நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். ஜெயிக்கிறோம் என்ற குஷி. அந்தக் குஷிக்கு அடியில் ஒரு கல் கிடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். என் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ள மகளைவிட, மனைவியைவிட எனக்குத்தான் ஆசை. அதை அளக்கத் தெரிந்த ஒரே ஆளை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். காய்ச்சலா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் போல.

ஒரு முற்பகல் அவள் தையல்காரரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் கொஞ்ச நேரம் கழித்து நூலகத்துக்குப் புறப்பட்டேன். கடைத்தெரு முனையில், ஜெராக்ஸ் கடை வாசலில் அவள் நின்றிருந்தாள். கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்கிறாள், அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுகிறாள். என் மனைவி சரி என்று தலையசைத்துவிட்டு உடனே நகரவில்லை. கடைக்குப் பக்கத்தில், நடைபாதையில், வெறுமையாகக் கிடந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொலைத்த பொருளைத் தேடுகிறவள் பார்ப்பது போல இல்லை. தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு என்னைக் கவனிக்காமலே தையல் கடைப் பக்கம் போய்விட்டாள்.

அது சாவிக்காரர் உட்காரும் இடம். அதற்கு முந்தின நாள்தான் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். புதுக் குடை ஒன்று விரித்திருக்கிறார், அதன் நிழலில் மூன்று பஸ்களை நிறுத்தலாம், வீட்டில் அம்மா சௌக்கியமா என்று விசாரித்தார் என்று. நான் கடைக்காரப் பெண்ணிடம் போய் அவரைக் கேட்டேன்.

“இப்பதான் ஒரு அம்மாவும் கேட்டாங்க சார். நான் கடை போட்டு மூணு வருஷமாச்சு. அப்படி யாரும் இங்க உக்காந்து நான் பாக்கலையே.”

அவருடைய தகரப் பெட்டி எனக்குத் தெரிகிறது. அரம் தேய்த்துத் தேய்த்துத் தட்டையான நகம் தெரிகிறது. குடை என் கைவேலை, ஒத்துக்கொள்கிறேன். பஸ்கள் நான் கொண்டுவந்து நிறுத்தியவை. அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனேன், அடியில் அந்த ஆள் இருப்பார் என்று. முந்தின நாள் இந்த இடத்தில் என்ன இருந்தது? வெயில் இருந்தது. பெருக்குவதற்கு ஓர் எண்ணாவது வேண்டும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். தெரிந்தே அவரை உட்கார வைத்தேனா, இல்லை அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேனா? எவ்வளவு முட்டியும் அந்தக் கதவு திறக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் எண்ணிப் பார்த்தேன். சாவிக்காரர் கதை அன்றைக்கு ஐந்தாவது இல்லை, மூன்றாவது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கட்டைவிரலை நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஐந்தாவதில் கேட்ட கேள்விகள் எல்லாம் என்னை அங்கே காவல் காக்க வைப்பதற்கு. அவள் எடுத்ததெல்லாம் மூன்றாவது. அதே ஆடு. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கிப் போனார். என்ன மூளை, என்ன மூளை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். எங்கள் கேட்டைத் திறக்கும்போது சிரிப்பு தீர்ந்திருந்தது. காவலில்லாத கதையிலிருந்துதான் அவள் கரண்டி விட்டு எடுத்திருக்கிறாள். இன்னும் எத்தனை மூன்றாவதுகள்?

அவள் எனக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தாள். துணி மடித்தாள், போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். மாதம் முடிகிறவரை கட்டைவிரல் வழக்கம்போல நகர்ந்தது. நானும் ஐந்தாவதில் வழக்கம்போல உண்மை பேசினேன். இருவரும் அவ்வளவு ஒழுங்காக நாடகம் நடத்தினோம்.

சொன்ன நாளில் மகளிடமிருந்து போன் வந்தது. நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். என் மனைவி எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

“ம், பாத்துட்டேன். நூத்துக்கு நூறு. எல்லாத்துக்கும் வேர் இருக்கு... ஆமாடி, நேர்லயே போய் விசாரிச்சேன். மாமா விஷயமும் விளையாட்டுக்குச் சொன்னதுதான். அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நாங்க இங்கயே இருக்கோம்.”

பேப்பரை மடித்து வைத்தேன். முழு எண்ணைக் கண்டாலே அவளுக்குச் சந்தேகம் வரும். அலுவலகத்தில் ஒருமுறை மேலதிகாரி, தொண்ணூற்றாறு சொச்சத்தை நூறு என்று போட்டால் அழகாக இருக்குமே என்றார். அவள் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஆள் விட்டு மன்னிப்புக் கேட்டபிறகுதான் வந்தாள். ஓர் ஆட்டைக்கூட ஒன்றரை ஆடு என்று சொல்லத் தெரியாதவள். நான் ஆயுள் முழுக்க விட்ட கதைகளை ஒரு தட்டில் வைத்தாலும், அந்த நூறு இருக்கிற தட்டுதான் கீழே போகும்.

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

“ம், சொல்லுங்க. இன்னைக்கு யாரைப் பாத்தீங்க?”

நான் வாயைத் திறந்தேன். காலையில் கடைத்தெரு முனையில் என்னை ஒருவர் நிறுத்தினார். முகம் நன்றாகத் தெரிந்தது. சொல்லத் தொடங்குமுன் அந்த முகத்தை, உள்ளே, ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. பழக்கத்தில் என் கண் அவள் மடிக்குப் போயிற்று. இடது கை அங்கே இருந்தது. கட்டைவிரல் எந்தக் கணுவிலும் இல்லை. மற்ற நான்கு விரல்களும் அதை உள்ளே வைத்து இறுக்கி மூடியிருந்தன.