காணாமல் போன தசைநாண்

உடற்கூறு கற்பிக்கும் அந்த மென்பொருளைச் செவிலியர் பயிற்சிக் கல்லூரி வாங்குமா வாங்காதா என்பது எலும்பு மேடத்தின் ஒரு கையெழுத்தில் இருந்தது. பாடம் நடத்துகிறவளுக்கு மாணவிகள் வைத்த பெயர் அது. பார்க்க அவள் எலும்பு மாதிரி இல்லை. மென்பொருளைச் செய்தவன் வந்ததுமே அதைக் கவனித்துவிட்டான். அதனால் பேச வேண்டியதில் பாதி அவனுக்கு மறந்துவிட்டது.

திரையில் தோலைத் தொட்டால் உரிந்தது. இதயத்தைத் தட்டினால் சத்தத்தோடு துடித்தது. அவள் மணிக்கட்டுப் பாடத்தைத் திறந்தாள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து வைத்த ஒரு நிஜக் கையின் வீடியோ. அப்போது மணிக்கட்டின் நடுவில் புடைக்கும் தசைநாணைத் தொடச் சொன்னது கேள்வி.

"எங்க தொடணும்?"

"நடுவுலதான் மேடம். கயிறு மாதிரி தெரியும்..." குனிந்து பார்த்தான். மணிக்கட்டு வழவழவென்று இருந்தது.

"யார் கை இது?"

"மாடல் வச்சு எடுத்தோம்."

"மாடலுக்கும் உங்களுக்கும் ஒரே இடத்துல மச்சமா?"

அவன் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. அவள் விடவில்லை. இழுத்து, திருப்பி, விரலால் அழுத்திப் பார்த்தாள். அடுத்த கையையும் பார்த்தாள்.

"உங்களுக்கு இல்ல."

"இல்லாட்டி என்ன ஆகும் மேடம்?"

"வேற என்னென்ன இல்லன்னு பார்க்கணும்," என்றாள் முகத்தை மாற்றாமல். "நாளைக்கு வேற கையோட வாங்க. அப்புறம்தான் கையெழுத்து."

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் விரலை ஒட்ட வைத்தான். அண்ணனுக்குப் புடைத்தது. அண்ணிக்கு இன்னும் நன்றாகப் புடைத்தது.

"எங்க வீட்டுல எதுவும் குறைஞ்சு வராது தம்பி," என்றாள் அண்ணி.

"நான் முழுசாத்தான்டா பெத்தேன்," என்று அம்மா தன் மணிக்கட்டை நீட்டினாள். "நீ எங்க தொலைச்சியோ."

மூன்று கைகளையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டான். மறுநாள் அவள் முன்னால் உட்கார்ந்ததும் வேறு புத்தி வந்தது.

"எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இல்ல மேடம். நீங்கதான் கை கொடுக்கணும்."

"ஒருத்தருக்கும்?"

"அண்ணிக்குக்கூட."

"அண்ணி வேற வீட்டுலேர்ந்து வந்தவங்களாச்சே." அவள் டைரியை எடுத்தாள். "அது ஏழெட்டுப் பேர்ல ஒருத்தருக்கு இருக்காது, அவ்வளவுதான். கையும் நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா குடும்பத்தோட இல்லன்னா ஆராய்ச்சியே பண்ணலாம். எப்ப வீட்டுக்கு வரட்டும்?"

அவன் செல்போனை மேசையில் வைத்தான். மூன்று மணிக்கட்டுகளும் மூன்று கயிறுகளோடு வரிசையாக ஓடின.

"அப்ப எதுக்கு என் கை?"

அவன் பேச்சை மாற்றினான். "நல்லாத்தான் வேலை செய்யும்னு நேத்தே சொல்லியிருக்கலாம். ராத்திரி பூரா தூங்கல."

"நீங்க மாடல்னு பொய் சொன்னீங்களே, அதுக்குத் தண்டனை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"பாடத்துலேர்ந்து உங்க கையைத் தூக்கிடாதீங்க. இல்லாததையும் பிள்ளைங்க பார்க்கணும். பக்கத்துலயே அது இருக்கிற கையையும் காட்டுங்க." வளையலைக் கழற்றிவிட்டு இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்.

வெளிச்சம் சரியில்லை என்று அவன் மூன்று முறை எடுத்தான். நான்காவது முறை வெளிச்சத்தைக் குறை சொன்னது அவள்.