செலஸ்ரீனா வாய் திறந்த புதன்கிழமை

திங்கட்கிழமை, லிபெர்த்தாப் பகுதியில் தான் பராமரிக்கும் வயதான இத்தாலியப் பெண்மணியான சிஞ்ஞோராவின் மேசை விரிப்பை செலஸ்ரீனா அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். கைபேசி விடாமல் அதிர்ந்தது. தமிழர் கலை மன்றத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை நடந்த, தன்பாலீர்ப்பாளர்களின் பிரைட் ஊர்வலத்தில் எடுத்தது. வேட்டி கட்டிய ஒருவரின் முதுகும் கட்டையாக வெட்டிய முடியும்தான் தெரிந்தன. தலைக்குமேல் பிடித்திருந்த அட்டையில் இரண்டு பக்கமும் தமிழில் எழுதியிருந்தது: 'நானும் உங்கள் பிள்ளைதான்.'

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இது ஆரின்ர பெடியன்?"

அது பையன் அல்ல என்று செலஸ்ரீனாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இறந்துபோன கணவர் பவுலின் வேட்டி அது. கரையோரம் கிழிந்த இடத்தை அவளே தைத்திருந்தாள். கட்டியிருந்தது அவளுடைய ஒரே மகள் அமலினி. துணி கருகும் மணம் வந்த பிறகுதான் அயன்பெட்டியைத் தூக்கினாள்.

அமலினி ஆஸ்பத்திரியில் தாதி. இருபத்து நான்கு வயது. தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று போன வருடமே தாயிடம் சொல்லிவிட்டாள். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் என்பதைத் தவிர செலஸ்ரீனா வேறெதுவும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் படத்தைக் காட்டியபோதும் மகள் பதறவில்லை.

"கேட்டா நான்தான் எண்டு சொல்லுங்கோ அம்மா. நான் ஒளிக்கேல்லை. ஒளிக்கிறது நீங்கள்தான்."

செலஸ்ரீனா அழுதாள், கெஞ்சினாள். புதன்கிழமை மன்றக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று மகளிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் ஓய்ந்தாள்.

அந்த ஜூன் முழுவதும் அவர்கள் வசிக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில் பண்பாட்டு மாதம். சந்தைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் கானாக்காரருக்கு ஒரு மாலை, வங்காளதேசத்தவருக்கு ஒரு மாலை, வருகிற சனிக்கிழமை தமிழருக்கு. பிரைட் ஊர்வலத்தையும் அதே சுவரொட்டியில் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதுவே மன்றத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. இப்போது இந்தப் படமும் வந்து சேர, புதன்கிழமை கோவில் மண்டபத்தில் இருக்க இடமில்லை.

மன்றத் தலைவர் எமிலியானுஸ் சுற்றி வளைக்கவில்லை. படத்தில் இருப்பது யாரென்றாலும் சனிக்கிழமை மேடைப் பக்கம் வரக்கூடாது என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ஊர்வலம் போன தெருவில் அன்றைக்குக் கஜானனைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். எல்லாத் தலைகளும் திரும்பின.

கஜானன், செலஸ்ரீனாவின் தோழி கனகேஸ்வரியின் மகன். பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவான். பின்னேரத்தில் மன்றத்துப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குவான். ஆண்பிள்ளை சலங்கை கட்டுவதைப் பற்றி முன்பே முணுமுணுத்தவர்கள் இப்போது வாய்விட்டே பேசினார்கள். அவன் பழக்கினால் தன் மகளை அனுப்பமாட்டேன் என்று ஒரு தகப்பன் சொன்னான். இன்னும் இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள்.

"படத்திலை இருக்கிறது நானில்லை, அங்கிள்," என்றான் கஜானன்.

"அப்ப ஆர் எண்டு சொல்லும்," என்றார் எமிலியானுஸ்.

அவன் ஒரு கணம் செலஸ்ரீனாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஊர்வலத்துக்கு அமலினியோடு துணைக்குப் போனவன் அவன்தான். பெயரைச் சொன்னால் தப்பிவிடலாம் என்று தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறான்.

சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் சொன்னால், சிஞ்ஞோரா வீட்டு வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஞாயிறு பூசையில், சந்தையில், இனி எந்த முகத்தோடு நடப்பது? கஜானன் ஒத்திகை அறையின் பூட்டுத் திறப்பை எடுத்துத் தலைவரின் மேசையில் வைத்தான். பக்கத்திலிருந்த கனகேஸ்வரி செலஸ்ரீனாவின் கையைப் பிடித்தாள்.

"என்ர பிள்ளை பொய் சொல்லமாட்டான் எண்டு உமக்குத் தெரியுமெல்லே. ஒரு வார்த்தை சொல்லுமன்."

கஜானன் வாசலை நெருங்கிவிட்டான்.

செலஸ்ரீனா எழுந்தாள். "தம்பி, நில்லும். அது என்ர மகள் அமலினி. வேட்டி என்ர மனுசன்ரை."

எமிலியானுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனகேஸ்வரி பிடித்திருந்த கையை விட்டாள்.

"திங்கட்கிழமையே தெரியுமோ?"

"ஓம்."

கனகேஸ்வரி மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். கூட்டம் எந்த முடிவுமில்லாமல் கலைந்தது. வியாழனும் வெள்ளியும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவள் வழமைபோலச் செலஸ்ரீனாவின் பக்கத்தில் வந்து இருக்கவில்லை.

கஜானனிடம் செலஸ்ரீனா வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லி, தலைவரின் மேசையிலிருந்து அவள் எடுத்துப்போன திறப்பை அவன் வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர் ஆட வந்தார்கள். தலைவர் வரவில்லை. அமலினி முன்வரிசையில் இருந்தாள். இரண்டு பக்கக் கதிரைகளும் வெறுமையாகக் கிடந்தன. கனகேஸ்வரி வந்து அதிலொன்றில் இருந்தாள். அமலினியின் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த செலஸ்ரீனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உம்மட மகளிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீர்தான் என்ர பிள்ளையை அப்பிடி நிக்க விட்டனீர்."

"பிழைதான். என்னை மன்னியும்."

"எனக்குத் தனியச் சொல்லி என்ன? அவனை எல்லாருக்கும் முன்னாலையெல்லோ நிப்பாட்டினவை."

செலஸ்ரீனா மேடையேறினாள். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். கூட்டத்தில் சிலர் எழும்பிப் போகத் தொடங்கியதையும் கண்டாள். ஆனாலும் பேசினாள்.

"என்ர பிள்ளையை ஒளிச்சு வைச்சா என்ர மானம் தப்பும் எண்டு நினைச்சன். அடி கஜானனுக்கு விழுந்துது. அவன் ஒரு பிழையும் செய்யேல்லை. என்ர மகளும் செய்யேல்லை. பிழை விட்டது நான். எங்கட பண்பாட்டைக் கொண்டாட எண்டு வந்து நிக்கிறம். எங்கட பிள்ளையளிலை ஒண்டைத் தள்ளி வைச்சிட்டுக் கொண்டாடினா, அது கொண்டாட்டமில்லை, பயம். இனி என்ர வீட்டிலை அந்தப் பயத்துக்கு இடமில்லை. உங்கட வீட்டிலையும் குடுக்காதேங்கோ."