இருபத்திரண்டு பேரும் தெரியணும்

எங்கள் கம்பெனி காலண்டரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரேக் தகடு அடிக்கும் கம்பெனி அது. பதினான்கு வருஷமாக அங்கே இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன், பதினான்கு காலண்டர் வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஒன்றிலாவது நாங்கள் இருந்ததுண்டா? ஆண்கள் டூர் போன போட்டோ வரும். ஆபீஸ்காரர்கள் கேக் வெட்டிய போட்டோ வரும். பெண் என்று பார்த்தால் முதலாளியம்மா குத்துவிளக்கு ஏற்றுவார், அவ்வளவுதான்.

போன வருஷம் வரை டூர் ஆண்களுக்கு மட்டும். எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கேரியர். இந்தத் தடவை பிரஸ் செக்‌ஷன் பெண்கள் இருபத்திரண்டு பேரும் மேனேஜர் அன்புராஜ் சார் முன்னால் போய் நின்றோம். "கேரியரை நீங்களே வெச்சிக்கினு எங்களையும் ஏற்காட்டுக்கு அனுப்புங்க சார்" என்றேன். எப்படியோ ஒப்புக்கொண்டார். நான் அதோடு விடுவேனா? எங்கள் டூர் போட்டோவும் காலண்டரில் வரவேண்டும் என்றேன்.

"வரட்டும் ஹெலன். ஆனா போன்ல எடுத்தது வாணாம். போன வருஷம் பெருசாக்கினா புள்ளி புள்ளியா வந்துச்சு. கேமராவுல எடுங்க. போறவங்க அத்தனை பேர் முகமும் தெரியணும். திங்கக்கிழமை காலைல என் டேபிள்ல இருக்கணும்."

பக்கத்தில் நின்ற எங்கள் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் சிரித்தார். "இவங்க எடுத்தா தலை இருந்தா கால் இருக்காது, கால் இருந்தா தலை இருக்காது சார். நான் வேணா கூடப் போயி எடுத்துக் குடுக்கறேன்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "ஒரு ஆம்பளையும் வர வாணாம். ஆம்பளை கை படாத போட்டோவா கொண்டாந்து வெக்கறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். பெரிய வாய்தான். என்னிடம் கேமராவும் கிடையாது, எடுக்கவும் தெரியாது.

என் தம்பி ராபின் மணவாள நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அன்று சாயங்காலமே அவன் கடையில் போய் உட்கார்ந்தேன். முதலில் கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய கேமராவைக் கொண்டுவந்தான். கழுத்தில் மாட்டினால் கைக்குழந்தையைத் தூக்கின மாதிரி கனத்தது. அதில் இருக்கிற பட்டனுக்கு எங்கள் பிரஸ்ஸே தேவலை.

"இதுல சூப்பரா வரும்க்கா. ஆனா இத்தப் புடிக்க நான் வரணும்."

"நீ வர்றதுக்காடா நான் அம்மாம் பேர் முன்னாடி சண்டை போட்டேன்? எடுத்து உள்ள வை."

அடுத்தது ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவு கேமரா. பைக்கில் லடாக் போகிறவர்கள் விரும்பி எடுத்துப் போவார்களாம். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். கடையில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற ராபினின் பெண்டாட்டி மோனிகா அண்டா மாதிரி வீங்கியிருந்தாள். அவளுக்கே கோபம் வந்துவிட்டது. எங்கள் செக்‌ஷனிலேயே பெரிய உடம்புக்காரியான மணியம்மாள் அக்கா இப்படி வந்தால் என்னை மலையிலிருந்தே உருட்டிவிடும்.

கடைசியில் டிராயரின் அடியிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பழைய கேமராவை எடுத்தான். சோப்பு டப்பா அளவுதான். சாதாரண செல் போட்டால் ஓடும். ஒரு பட்டனை அமுக்கினால் பத்து செகண்ட் கழித்துத் தானாகவே எடுக்கும், அதற்குள் எடுக்கிறவரும் ஓடிப்போய் வரிசையில் நின்றுகொள்ளலாம். பையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தேடிப் பார்த்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்றபடி நாலு தடவை எடுத்தேன். நாலும் சுத்தமாக வந்தது.

"பெருச உட்டுட்டு இந்த சோப்பு டப்பாவையாக்கா எடுத்துக்கினு போற?"

"இதுக்கு இன்னொருத்தர் கை தேவைப்படலடா. இதான் எனக்கு."

சனிக்கிழமை காலை ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற இடத்தில் பஸ் நின்றது. கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது. நாஷ்டா முடித்த கையோடு, எல்லாரையும் மூன்று வரிசையாக நிறுத்தினேன். "நான் எடுத்துத் தரட்டா மேடம்?" என்று டிரைவர் வந்தார். வேண்டாம் என்று விரட்டினேன். ஒரு கல் மேல் கேமராவை வைத்து, பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவந்து மணியம்மாள் அக்கா பக்கத்தில் நின்றேன்.

கேமராவின் முன்பக்கம் சிவப்பு விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்று எரிந்தது.

ஐயோ, அதை என்னவென்று சொல்வேன்! இருபத்திரண்டு பேரும் ஒன்றுபோல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனோம். அது எங்கள் ரத்தத்தில் ஊறினது. பிரஸ் இறங்குவதற்கு முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கும். மினுக்கினால் கை இரண்டும் மேலே போகவேண்டும், உடம்பு பின்னால் வரவேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிறோம், யோசித்தா செய்கிறோம்? பின்னால் நின்றே சோதித்த எனக்கு இப்படி ஒரு விளக்கு இருப்பதே தெரியாது.

"இன்னாடி இது, பேஜாரு!" என்று மணியம்மாள் அக்கா தலையில் அடித்துக்கொண்டது.

"யாரும் கையைத் தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று கத்திவிட்டு மறுபடியும் அமுக்கிவிட்டு ஓடிவந்தேன். எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு மினுக்கியது. முதலில் தூக்கின கை எது தெரியுமா? என்னுடையதுதான்! அதைப் பார்த்து எனக்கு அடுத்து நின்ற சின்னப் பெண் பூமிகா தூக்கினாள், வரிசை மொத்தமும் தூக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொள்ளக்கூடக் கையில்லாமல் சிரித்தார்கள்.

மூன்றாவதுக்கு நான் தயாராவதற்குள் பனி வந்து மூடிவிட்டது. மத்தியானம் வரை காத்திருந்தோம். மூடினது மூடினதுதான். ஞாயிற்றுக்கிழமையும் மழை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பதினான்கு வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு வாய்ப்பை நானே கெடுத்துவிட்டேன் என்று இருந்தது.

"ஏன்க்கா அழுவுற? நல்லாத்தான கீது. எல்லார் மூஞ்சியும் தெரியுது பாரு" என்று பூமிகாதான் கேமராவை என் மடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, மோனிகா அச்சடித்துக் கொடுத்த இரண்டாவது போட்டோவை அன்புராஜ் சார் டேபிளில் வைத்தேன். ராஜமாணிக்கம்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஹெலன், போலீஸ்ல சரண்டராயிட்டீங்களா?"

ஆபீஸே சிரித்தது. வந்ததே எனக்குக் கோபம்!

"நல்லா பாருங்க சார். கேமராவுல சிவப்பு லைட்டு மினுக்குச்சு. மலை மேல, டூர்ல, ஜாலியா இருக்கும்போதும் எங்க கை தானா மேல போச்சு. இருபத்திரண்டு பேரு. இருநூத்தி இருபது விரலு. ஒண்ணு கொறைஞ்சாலும் போட்டோவைக் கிழிச்சிப் போடுங்க. எண்ணுங்க!"

சிரிப்பு அடங்கியது. ராஜமாணிக்கம் சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் எங்களைப் போல பிரஸ் ஓட்டியவர். அவர் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை. நானும் அதை நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக. சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் போட்டோவைத் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பாதி விரலை வைத்தே எண்ண ஆரம்பித்தார். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"கரெக்டா கீது சார்" என்றார் மேனேஜரிடம். "உள்ள வாணாம். இத்த அட்டையில போடுங்க."

"அட்டையில எப்பவும் கம்பெனி வாசல் கேட் படம்தானே போடுவோம்?" என்றார் அன்புராஜ் சார்.

"கேட்டு எங்க சார் ஓடப்போவுது? அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

ஜனவரியில் காலண்டர் வந்தது. அட்டை முழுக்க எங்கள் கைகள்தான். மணவாள நகர் வீட்டில், வாசலைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் புது ஆணி அடித்து மாட்டினேன். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

"சூப்பரா கீதே! எந்த போட்டோகிராபர் எடுத்தான்?"

"எவனும் எடுக்கலை" என்றேன். "உள்ள நிக்கறவங்களே எடுத்தது."