கேப்டனின் இரண்டாவது ஜோன்

கிணற்றின் கடைசிப் படியில் நின்றார் செங்கோடன். தண்ணீர் இன்னும் கட்டைவிரலைக்கூடத் தொடவில்லை. அதற்குள் கையிலிருந்த வாட்ச் அதிர்ந்து, அவருடைய நாடித்துடிப்பு ஐந்தாவது ஜோனில் இருப்பதாக அறிவித்தது. மலைப்பாதையில் நாக்குத் தள்ள ஓடினால் வருகிற ஜோன் அது. இன்று நின்ற இடத்துக்கே வந்துவிட்டது.

சங்ககிரி ஓட்டக்குழுவுக்கு அவர்தான் கேப்டன். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. எல்லோருக்கும் டீசர்ட் அடித்தபோது தன்னுடையதில் மட்டும் அந்தச் சொல்லைச் சேர்த்து அடித்துக்கொண்டார். லாரி வைத்து நடத்துகிறவர், ஆகவே துடிப்பின் வேகத்தை வாட்ச் பிரித்துக்காட்டும் ஐந்து ஜோன்களையும் ஐந்து கியர்களாகவே புரிந்துகொண்டார். காலியான பைபாஸில் எவனாவது இரண்டாவது கியரில் உருட்டுவானா? தினமும் விடிகாலையில் டாப்பில் ஓடி, வாட்ச் காட்டிய சிவப்புக் கோட்டைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போடுவார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வரும். மெதுவாக ஓடியவர்கள் வெட்கப்பட்டு அன்று படம் போடமாட்டார்கள். குழுவில் பாதிப்பேர் நொண்டிக்கொண்டிருந்ததை மட்டும் யாரும் படம் பிடிக்கவில்லை.

கடைசியில் கேப்டனும் நொண்ட ஆரம்பித்தார். சேலத்தில் பிசியோதெரபிஸ்ட் தஸ்னீம் அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்தியபோது கேப்டன் போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது.

"இப்படியே ஓடுனீங்கன்னா எலும்பு விரிசல் விட்டுடும் சார். அப்புறம் ஓட்டமே கிடையாது. கொஞ்ச நாள் நீந்துங்க. மூச்சுக்கு வேலை இருக்கும், காலுக்கு அடி விழாது. ஆனா ரெண்டாவது ஜோன்லதான். தலை வெளிய இருக்கறப்ப முழுசா ஒரு வாக்கியம் பேச வரணும். வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

ஓட்டமே கிடையாது என்றதில் அவர் ஆடிப்போனார். டிரைவர், டயர், டோல்கேட் என்று போன் கத்தாத ஒரே பொழுது அவருக்கு ஓடுகிற நேரம்தான்.

'இனி ஸ்விம்மிங்' என்று குழுவில் உடனே அறிவித்தும்விட்டார். சிக்கல் என்னவென்றால், அவருக்கு நீந்தத் தெரியாது. அது மனைவிக்கும் தெரியாது என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிவந்தார். ஒகேனக்கல் போனால் எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பை அவராகவே ஏற்றுக்கொள்வார். நீச்சல் குளத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்றுதான் இப்போது தோட்டத்துக் கிணறு.

மனைவி மஞ்சுளா காற்றடித்த லாரி ட்யூப்பைத் தோளில் மாட்டியபடி படியிறங்கி வந்தாள். அவர் அதைக் கொண்டுவரச் சொல்லவேயில்லை.

"இதெதுக்கு?"

"கெடக்கட்டுமுங்க. மாட்டிக்கிட்டு எறங்குங்க."

பழைய சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் குதித்தாள். எதிர்ச்சுவரோரம் தலை எழும்பியது. முகத்தை வழித்துவிட்டுச் சிரித்தாள். செங்கோடன் ட்யூப்புக்குள் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"எங்கூட்டுக் கெணத்துல மேட்டுலிருந்தே குதிப்பனுங்க."

"ஒருநாளும் நீ தண்ணியில எறங்கி நான் பாக்கலையே?"

அவள் ஒரு சுற்று நீந்திவிட்டு வந்தாள். "நீங்க பையப் புடிச்சுக்கிட்டுக் கரையில நிப்பீங்க. நா எறங்குனா, நீங்களும் வாங்கன்னு நாலு பேரு கூப்புடுவாங்கல்லங்க."

ட்யூப் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. மஞ்சுளா அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"கால் பாத்த அந்தம்மா பேசச் சொன்னாங்கல்ல? காலை அடிச்சுக்கிட்டே பேசுங்க."

"என்னத்த... பேச... டயரு... வெல..."

"லாரி வேண்டாமுங்க."

லாரி இல்லாமல் அவளிடம் என்ன பேசுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. காலை அடித்தார். மூச்சு வாங்கியது. அடியைக் குறைத்தார். அவள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டார். தண்ணீர் சுவரில் தளும்பிக்கொண்டிருந்தது. மூச்சு சீரானதும் வாயைத் திறந்தார்.

"ஒகேனக்கல்ல நீ பாறை மேல உக்காந்து, தண்ணிக்குள்ள கால மட்டும் வுட்டு ஆட்டிக்கிட்டே இருந்த, அது இன்னும் எனக்கு நெனப்பிருக்குது மஞ்சு."

ஒரு முழு வாக்கியத்தை எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தக் கோடி வரைக்கும் போலாமுங்களா?" என்றாள் சுவரைப் பார்த்து.

அவர் குனிந்து ட்யூப்பிலிருந்து ஒரு தோளை வெளியே எடுத்தார். பிறகு இன்னொன்றை. அவள் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் வாட்ச் ஒருமுறை அதிர்ந்தது. பார்க்க வேண்டுமானால் அவள் கையை விட வேண்டும். ஆளில்லாத ட்யூப் படியோரம் போய் இடித்து, நிதானமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.