பூட்டுக்காரர் செய்யாத தப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் போனில் யாரிடமோ, "நான் செஞ்சது தப்பா இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். தன் வேலை தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பல் போனது, கதை மாட்டிக்கொண்டது. மிச்சமெல்லாம் என் கற்பனைதான்; அவர் தையற்காரராகக்கூட இருக்கலாம்.

2

தொடக்கம் ஒன்று: "எண்களின் ஆழ்ந்த மௌனத்தில் அவர்..." (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: அவர் கணித ஆய்வாளர். ஒருவர் அனுப்பும் செய்தியை அடுத்தவர் படிக்க முடியாதபடி மாற்றிவிடும் முறை ஒன்றை இளம் வயதிலேயே உருவாக்கியவர். அவர் வேலை பார்த்த, வாசலில் காவலாளி பையைத் துழாவும் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டுக்காரர் என்றே பெயர். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டை எப்படிச் செய்தோம் என்பதை மறைக்கக் கூடாது. முழுவதையும் அச்சிட்டு, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று உலகத்தையே கூப்பிட வேண்டும். சாவி, அதாவது திறக்கிற கடவுச்சொல், மட்டும்தான் ரகசியம். அதை எங்கும் எழுதிவைக்கக் கூடாது, மாதாமாதம் மாற்ற வேண்டும். பல பேர் மோதிப் பார்த்துத் தோற்றார்கள். யாராவது தோற்கும்போதெல்லாம் அவர் வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போனார். அதனாலேயே மகளுக்குக் கணிதம் பிடித்திருந்தது.

(இரண்டே இருக்கட்டும்.)

3

மகள் வெளியூரில் படித்தாள். பேச நேரமில்லாத நாட்களில் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்புவாள். அம்மாவின் போன் தொலைந்தால் கண்டவனும் கேட்பானே என்று பூட்டுக்காரர் எல்லாவற்றையும் வீட்டுக் கணினிக்கு மாற்றி, தன் முறையிலேயே பூட்டி, போனில் இருந்ததை அழித்தார். அனுப்பியதும் அழித்துவிடும் பழக்கத்தை மகளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்.

பிறகு மகள் இறந்துபோனாள். [எப்படி என்று மூன்று விதமாக எழுதி மூன்றையும் நீக்கினேன். காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.] துக்கம் விசாரிக்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்த அந்த வாரத்தில் மாதம் பிறந்தது. சாவியை மாற்றச் சொல்லிக் கணினி நினைவூட்டியது. பழக்கதோஷம், அவர் கை தானாகப் போய் மாற்றியது; மகளின் பதிவுகள் எல்லாம் புதுச் சாவிக்குள் போய்விட்டன. என்னவென்று மாற்றினார் என்பது அவருக்கு இன்றுவரை நினைவில்லை.

4

மனைவிதான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதல் வரைவில் விவரம் தெரியாதவளாக வைத்திருந்தேன். அவளுக்கு விளக்குகிற சாக்கில் உங்களுக்கும் விளக்கிவிடலாமே. ஆனால் அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தே பழகியவளுக்கு, புரியாத எழுத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்: "நீங்க செஞ்ச பூட்டுதானே, நீங்களே உடைங்க."

அன்றிலிருந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும், தன் ஆயுள்கால உழைப்பில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதே வேலை.

5

ஒரு நாள் காலை, எங்கோ இருக்கும் ஓர் இளம் ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் முறையை உடைத்துவிட்டதாக நினைக்கிறேன், வெளியிடுமுன் நீங்களே சரிபார்க்க வேண்டும், மன்னிக்கவும் என்று அந்தப் பெண் பணிவாக எழுதியிருந்தாள். அப்படி முதலில் தெரியப்படுத்துவது அவர்கள் தொழிலின் மரியாதை. மன்னிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெண் எதிரே இருந்திருந்தால் அவள் காலிலேயே விழுந்திருப்பார்.

மனைவி அன்று கடையைத் திறக்கவில்லை. குளித்துத் தலைவாரி, அவர் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், மகள் ஊரிலிருந்து வருகிற நாளில் உட்கார்வது போல.

அவர் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். ஏழாம் பக்கத்தில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்தது. அதைத் திருத்தினால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சரிந்துவிடுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தார். தப்பு அந்தப் பெண்ணுடையது. அவர் முறையில் ஓட்டையே இல்லை.

[குறியை மாற்ற எனக்கு ஒரு விசை போதும். மாற்றியும் பார்த்தேன். பூட்டு திறந்தது, மகள் பேச வேண்டும். "அம்மா, நான் இங்க..." என்று எழுதி நின்றுவிட்டேன். அவள் குரல் எனக்குத் தெரியாது. நான் எழுதினால் நான் பேசுவது போலத்தான் இருக்கும். பெற்றவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். பழையபடியே வைத்துவிட்டேன்.]

6

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். அவள் அழவில்லை. "இத்தனை வருஷத்துல உங்களால ஒரு தப்புகூடவா பண்ண முடியல?" என்கிறாள். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? இந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொல்கிறார். அவள் நம்பி மறுநாளும் கடையைத் திறக்காமல் வந்து உட்காருகிறாள், அதற்கு மறுநாளும். இது முதலாவதைவிடக் கொடுமை. இதையும் அடித்து...

இப்போது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். அவள் எழுந்து வந்து, "என்னங்க, கிடைச்சுதா?" என்று கேட்கிறாள். அவர் என் முகத்தைப் பார்க்கிறார். என்னால் முடியாது, நான் எழுந்து போகிறேன். ஆனால் அவள் கேட்டுவிட்டாள், யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் இப்போது அவர்களோடு நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.