ஷெரினின் நாலு நோட்டுகள்

ஷெரின் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவளுடைய நாலு ஆய்வு நோட்டுகளையும் பேராசிரியர் கொண்டுவந்து சத்யப்ரியாவின் மேசையில் வைத்தார்.

இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்தவர்கள். வயலில் போடும் உரம் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிணறுகள் ஷெரினுக்கு. அங்கே பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் திரும்பும்போதுதான் லாரி அடித்தது. சத்யப்ரியாவின் கிணறுகளிலோ பாதி வறண்டுபோய், அவளுடைய ஆய்வு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"ஷெரின் டேட்டா நல்லா இருக்கு. உன் தீசிஸ்ல சேத்துக்கம்மா. ஜூன்ல சப்மிட் பண்ணிரலாம்."

"அவ பேரு சார்?"

"நன்றியில ஒரு வரி போடு. இம்புட்டு உழைப்பும் பீரோவுக்குள்ள கிடந்து மக்கணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இவளையாவது கரையேற்றிவிட நினைத்தார். அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரவைக்குப் போனாள். ஷெரினின் அப்பா ஆசீர்வாதம், மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர், அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"புஸ்தகத்து மேல யாரு பேரு வரும்?"

"என் பேரு, அங்கிள்."

"எழுதிக்க பாப்பா. உனக்காச்சும் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் திரும்ப வரவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்து "போயிட்டு வாரேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மூன்று நாள் ஷெரினின் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நாலாம் நாள் கடைசிப் பக்கம் வந்தது. எட்டுக் கிணறுகளின் பெயர், தேதி, பாட்டில் எண் எல்லாம் ஷெரினின் கையெழுத்தில் இருந்தன. அளவு எழுத வேண்டிய கட்டங்கள் மட்டும் காலி. அந்த எட்டுப் பாட்டிலும் ரோட்டில் உடைந்தவை. மறுபடி போய் எடுக்கவும் வழியில்லை. கோடைக் கணக்கு அது. மழை பெய்து கிணறுகளில் புதுத் தண்ணீர் ஊறிவிட்டது.

பேராசிரியரிடம் காட்டினாள்.

"இதுக்கா யோசிக்கிற? முன்னால பின்னால இருக்கிற நம்பரப் பாத்து நிரப்பிரு."

அவள் நோட்டை மூடினாள். "நான் நிறுத்திக்கிறேன் சார்."

"எத? அந்த டேபிளையா?"

"எல்லாத்தையும் சார்."

"ஆறு வருஷம்மா!" என்றார் அவர். அவளுக்கு அது தெரியாதா? நோட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நோட்டுகள் ஜூனியர் சூரியபிரகாஷுக்குப் போயின. அந்தக் கட்டங்கள் நிரம்பின. மறு வருஷமே அவன் டாக்டர் ஆனான். சத்யப்ரியா ஆரப்பாளையம் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். வீட்டில் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

நடந்ததை ஆசீர்வாதத்திடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் பரவைக்குப் பஸ் ஏறினாள். பரவை நிறுத்தத்தில் கண்டக்டர் இரண்டு தடவை கூவினார். அவள் இறங்கவில்லை. சமயநல்லூர்வரை போய், எதிர்ப்பக்கம் நின்று, மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தாள்.